இரவெல்லாம் ஓடும் மின்சாரம்

சித்திரை மாதத்து இரவு, மணி பத்தரை இருக்கும். வாசல் கதவைப் பூட்ட வந்த எனக்குக் கருவாடு வறுப்பது போல ஒரு வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் இந்நேரத்துக்குச் சமையலா என்று நினைத்துக்கொண்டே போர்ட்டிகோ விளக்கைப் போட்டேன். மின்சாரக் கார் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சுவரில் இருந்த 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் சார்ஜரைச் செருகி, மாலை ஏழு மணிக்கே சுவிட்சைப் போட்டிருந்தேன். சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக மினுக்கிக்கொண்டிருந்தது. எம்.சி.பி. விழவில்லை. கார் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஆனால் வாசனை அந்தப் பிளக்கிலிருந்துதான் வந்தது. கை வைத்தேன், சுரீரென்று சுட்டது.

சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கை உருவிப் பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றிக் காப்பி நிறத்தில் வளையம் விழுந்திருந்தது. சாக்கெட்டின் துளை ஓரம் உருகிக் கோணியிருந்தது. மின்சாதனங்களில் இருக்கும் சில வகை பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறினால் மீன் வாசனைதான் அடிக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் வந்தார். சாக்கெட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது கீசருக்குன்னு போட்ட பாயிண்ட் சார். எத்தனை வருஷமா ஓடுது?"

"பன்னிரண்டு வருஷம் ஆச்சுண்ணே. ஒரு நாள்கூட தொந்தரவு கொடுத்ததில்லை. கார் ரொம்ப லோடு இழுக்குதோ?"

"லோடு இந்த பாயிண்ட் தாங்குற லோடுதான் சார். நேரம்தான் தாங்கலை. கீசர் கால் மணி நேரம் ஓடும், நின்னுடும். உங்க வண்டி ராத்திரி பூரா இழுக்குதே!"

வீட்டில் காருக்கு மின்சாரம் ஏற்றுவதன் அறிவியலை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். வீட்டு சார்ஜிங் மெதுவானது. அதனாலேயே நெடுநேரம் நீடிப்பது. அந்த மெதுவான ஓட்டம் பேட்டரிக்கும் பணப்பைக்கும் நல்லது. அந்த நெடுநேரம் சுவருக்குச் சோதனை. இந்த இரண்டையும் புரிந்துகொள்ள, மின்சாரம் நடக்கும் வழியிலேயே நாமும் நடந்து பார்ப்போம்: மெயின் போர்டிலிருந்து ஒயருக்கு, ஒயரிலிருந்து பிளக்குக்கு, பிளக்கிலிருந்து காருக்கு, காரிலிருந்து பேட்டரியின் உள்ளறைக்கு.

ஒரு காருக்கு எவ்வளவு வேண்டும்?

மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் கருவி ஒன்று இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கார் பேட்டரியின் கொள்ளளவையும் இதே யூனிட்டில் அளக்கலாம். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் இவி காரின் பேட்டரி 30.2 யூனிட். 2025 ஜனவரியில் அறிமுகமாகி, ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கில் 42, 51.4 யூனிட் என இரண்டு அளவுகள்.

இவை பெரிய எண்களா, சிறிய எண்களா? ஒரு லிட்டர் பெட்ரோலில் பொதிந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். அப்படியானால் 30 யூனிட் பேட்டரி மூன்றரை லிட்டர் பெட்ரோலுக்குக்கூட ஈடில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் கார் நம் சாலைகளில் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியை ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெறும் சூடாக வெளியேற்றுகிறது. மின் மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சக்கரத்துக்கே கொடுக்கிறது. கொஞ்சம் சாப்பிட்டு நிறைய உழைக்கும் ஜாதி அது.

சாப்பிடும் வேகத்தில்தான் வித்தியாசம். பெட்ரோல் பங்கில் இரண்டு விநாடிக்கு ஒரு லிட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், 9 யூனிட் ஆற்றல் இரண்டே விநாடியில் டேங்குக்குள் போகிறது. வீட்டு 15 ஆம்பியர் பாயிண்டில் அதே 9 யூனிட்டை ஏற்ற இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். வேகத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு வித்தியாசம்! முதல்முறை கேட்பவருக்கு இது பெரும் குறையாகத் தோன்றும். ஆனால் பங்கில் நாம் காருக்காகக் காத்திருக்கிறோம். வீட்டில் கார் நமக்காகக் காத்திருக்கிறது. சொந்தக் கார்கள் நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் எங்கோ ஓரிடத்தில் சும்மாதான் நிற்கின்றன. அந்த நேரத்தைத்தான் வீட்டு சார்ஜிங் பயன்படுத்திக்கொள்கிறது.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 14, 15 ஆம்பியர் ஓடினால் சுமார் 3.3 கிலோவாட். அதில் பத்தில் ஒரு பங்கு போல வழியில் வெப்பமாகிவிடும். 30 யூனிட் பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து நிரப்ப எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் அலுவலகம் போய் வர 40 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு ஒரு நாளின் தேவை ஆறேழு யூனிட்தான். அதற்கு இரண்டு மணி நேரம் போதும். தினமும் இரவில் கொஞ்சம் ஏற்றிக்கொள்பவருக்கு எட்டு மணி நேரம் தேவைப்படுவது அபூர்வம். வாரக் கடைசிவரை விட்டுவிட்டு மொத்தமாக ஏற்றுபவரின் சுவர்தான் அந்த நெடும் சோதனைக்கு ஆளாகிறது. என் பிளக் உருகிய அன்று நான் செய்ததும் அதுதான்.

சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்ன்

மின்னோட்டம் ஒரு கம்பியில் பாயும்போது எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்பதை 1841இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் அளந்து சொன்னார். மின்தடை இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்காகும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, ஓம் கணக்கில் மின்தடையால் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும்.

அந்தச் சூத்திரத்தை என் சாக்கெட்டில் போட்டுப் பார்ப்போம். புது சாக்கெட்டில் பித்தளைப் பின்னை உள்ளே இருக்கும் உலோக நாக்குகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தொடும் இடத்தில் மின்தடை மிக மிகக் குறைவு. பன்னிரண்டு வருடம் செருகி உருவிய சாக்கெட்டில் நாக்கு தளர்ந்துவிடும். அதன் மேல் மெல்லிய களிம்பும் ஏறியிருக்கும். தொடும் இடத்தின் மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டதாகக் கொள்ளுங்கள். 15 ஆம்பியர் பாயும்போது 15 × 15 × 0.1 = 22.5 வாட். ரேடியோ ரிப்பேர் செய்பவர் மேசையில் இருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை உருக்கும் அந்தக் கம்பியைப் பற்றவைத்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சொருகி, மணிக்கணக்கில் விட்டுவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் என் சுவரில் நடந்தது.

அதே சாக்கெட்டில் 2,000 வாட் கீசர் ஓடும்போது பாய்வது 8.7 ஆம்பியர். தொடும் இடத்தில் உண்டாகும் வெப்பம் ஏழரை வாட் அளவு, அதுவும் கால் மணி நேரத்துக்கு. அடுத்த நாள் குளியல்வரை ஆறுவதற்கு அதற்கு நேரம் இருக்கிறது. மொத்த வெப்ப ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு இரவின் எட்டு மணி நேர கார் சார்ஜிங் அந்த ஒரு புள்ளியில் கொட்டும் வெப்பம் ஒரு நாள் கீசர் கொட்டுவதைப் போல 95 மடங்கு. "நேரம்தான் தாங்கலை" என்று அவர் சொன்னதன் எண் வடிவம் இது.

இதில் மோசமான ஒரு சுழற்சியும் இருக்கிறது. சூடேறிய நாக்கு இன்னும் தளரும், களிம்பு இன்னும் ஏறும், மின்தடை கூடும், கூடிய மின்தடை இன்னும் சூடாக்கும். நேற்று இளஞ்சூடாக இருந்த பிளக் அடுத்த மாதம் சுடும் பிளக்காவது இப்படித்தான்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அது மின்னோட்டத்தை மட்டும் பார்க்கும் காவலாளி. வரம்புக்கு மேல் ஆம்பியர் போனால்தான் வாசலை அடைக்கும். தளர்ந்த இணைப்பில் ஆம்பியர் கூடுவதில்லை, அதே 15தான். மின்தடை கூடியது அதன் கண்ணுக்குத் தெரியாது. இதைப் பலர் அறியாமல், "எம்.சி.பி. இருக்கே, பயமில்லை" என்று இருந்துவிடுகிறார்கள். தளர்ந்த பிளக்கைக் கண்டுபிடிக்க நம் கைதான் கருவி. சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஒயருக்கும் இதே கணக்குதான். மெயின் போர்டிலிருந்து போர்ட்டிகோவரை 20 மீட்டர் என்றால், போய் வர 40 மீட்டர் செம்பு. இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் அதன் மின்தடை சுமார் 0.3 ஓம், 15 ஆம்பியரில் 65 வாட்டுக்கு மேல் வெப்பம் சுவருக்குள் பரவும். நான்கு ஸ்கொயர் ஒயரில் அது 40 வாட் அளவுக்கு இறங்கிவிடும். வழக்கமான ஒயர்களின் பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ்வரைதான் தாங்க வடிவமைக்கப்பட்டது. சித்திரை வெயிலில் சூடேறி நிற்கும் சுவருக்குள், நெருக்கமான பைப்பில், எட்டு மணி நேரம் ஓடும் ஒயருக்கு அந்த இடைவெளி பெரிதாக வேண்டும்.

ஆகவே காருக்குத் தனி லைன் போடுவது ஆடம்பரம் ஆகாது. மெயின் போர்டிலிருந்து நேராக வரும் நான்கு ஸ்கொயர் செம்பு ஒயர், அதற்கென ஒரு எம்.சி.பி., கசிவு கண்டால் துண்டிக்கும் ஒரு ஆர்.சி.சி.பி., முனையில் தொழிற்சாலைகளில் பார்க்கும் வட்ட வடிவ நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்: 15 ஆம்பியருக்கு இதுதான் நிம்மதியான ஏற்பாடு. 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வைப்பதென்றால் 32 ஆம்பியர் பாயும். ஒயர் ஆறு ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. மின்வாரியத்தில் வீட்டுக்கு அனுமதித்த லோடு அதற்குப் போதுமா என்றும் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் காரை சார்ஜ் செய்வதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். ஒரு தளர்ந்த இணைப்பே ஆபத்து என்னும்போது, அது இன்னும் இரண்டு மூன்று இணைப்புகளைச் சேர்த்துவிடுகிறது.

மண்ணோடு உள்ள உறவு

கோடையில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சந்திக்கும் இன்னொரு சங்கடம், சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிவது. நேற்றுவரை ஏறிய கார் இன்று ஏற மறுக்கும். மழைக்காலத்தில் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. காரணம் பெரும்பாலும் காரில் இருக்காது. வீட்டின் பின்புறம் மண்ணுக்குள் இருக்கும்.

எர்த் என்று நாம் சொல்வது உண்மையிலேயே மண்தான். குழி வெட்டி, இரும்புக் குழாயோ தகடோ இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடி, அங்கிருந்து ஒரு கம்பியை வீட்டின் எல்லாப் பிளக்குகளின் மூன்றாவது துளைக்கும் கொண்டுவருகிறோம். மண்ணில் மின்சாரத்தைச் சுமப்பவை ஈரத்தில் கரைந்த உப்பு அயனிகள். ஈரம் காய்ந்தால் சுமக்க ஆளில்லை. மழைக்காலத்தில் ஐந்து ஓம் காட்டிய குழி சித்திரையில் நூற்றுக்கணக்கில் போய்விடலாம்.

எங்கள் எலக்ட்ரீஷியன் இதைச் சோதிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் இரண்டு ஒயரில் ஒன்றைப் பேஸிலும் மற்றொன்றை எர்த்திலும் வைத்தார். பல்பு மஞ்சளாக, சோகை பிடித்தது போல எரிந்தது. எர்த் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து அதே பல்பு பளிச்சென்று எரிந்தது. எரியும் 100 வாட் பல்பின் மின்தடை சுமார் 530 ஓம். குழியின் மின்தடை ஐந்து ஓம் என்றால் பல்புக்கு அது ஒரு பொருட்டே ஆகாது. குழியே 300 ஓம் ஆகிவிட்டால், வர வேண்டிய மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணே எடுத்துக்கொள்ளும், பல்பு மங்கும். ஒரு ஓம் மீட்டரும் இல்லாமல் மண்ணின் தாகத்தை ஒரு பல்பு காட்டிவிட்டது. இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. நாம் செய்ய வேண்டியது குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது.

சார்ஜர் ஏன் இதில் இத்தனை பிடிவாதமாக இருக்கிறது? கார் ரப்பர் டயர்களில் நிற்கிறது. மண்ணோடு அதற்கு வேறு தொடர்பு இல்லை. உள்ளே எங்காவது கசிவு ஏற்பட்டு மின்சாரம் கார் உடம்புக்கு வந்துவிட்டால், அது இறங்கிப் போக எர்த் கம்பி ஒன்றுதான் வழி. எர்த் 300 ஓம் என்றால் கசிவில் பாய்வது 230ஐ 300ஆல் வகுத்த அளவு, ஒரு ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடும் பிள்ளைதான் அந்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் அடுத்த வழி. ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டியது இதனால்தான். பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவை எட்டுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பதற்காக வைத்த எல்லை அது. சிவப்பு விளக்கு எரிந்தால் எரிச்சல்படாதீர்கள். அது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக எரிகிறது.

செருகியதும் நடக்கும் பேச்சு

அடுத்து, துப்பாக்கி. சார்ஜிங் கன்னை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். இந்தியாவில் வீட்டு சார்ஜிங்குக்குப் பெரும்பாலும் டைப் 2 என்னும் வகை. ஜெர்மனியின் மென்னெகெஸ் நிறுவனம் உருவாக்கிய இதை 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் பொது வடிவமாக ஏற்றுக்கொண்டது. அதன் முகத்தில் ஏழு பின்கள். மூன்று பேஸுக்கு மூன்று, நியூட்ரல் ஒன்று, எர்த் ஒன்று. மீதி இரண்டு சிறிய பின்கள் பேச்சுக்கு மட்டும்.

கன்னைக் காரில் செருகியதும் மின்சாரம் பாய்வதில்லை. கொஞ்சம் பொறுத்து, பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் ஒரு உரையாடல் நடந்து முடிந்திருக்கும். சார்ஜர் ஒரு சிறிய பின்னில் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கார் இணைந்ததும், காருக்குள் இருக்கும் மின்தடை ஒன்று அதை 9 வோல்ட்டுக்கு இழுக்கும். "வந்துவிட்டேன்" என்று பொருள். உடனே சார்ஜர் விநாடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் ஒரு அலையை அனுப்பத் தொடங்கும். அந்த அலை ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில் செய்தி இருக்கிறது. நூற்றில் 10 பங்கு நின்றால் 6 ஆம்பியர். 27 பங்கு நின்றால் 16 ஆம்பியர். 53 பங்கு நின்றால் 32 ஆம்பியர். "என்னால் தர முடிந்தது இவ்வளவுதான், அதற்கு மேல் கேட்காதே" என்று சுவர் காரிடம் சொல்கிறது. கார் ஒத்துக்கொண்டு வோல்ட்டை 6க்கு இழுக்கும். "தயார்." அப்போதுதான் ரிலே என்னும் சுவிட்ச் மூடுகிறது, அதுதான் அந்த 'டக்'.

கன்னை உருவும்போதும் இதே அடக்கம். பேசும் பின்கள் மற்றவற்றைவிடக் குட்டை. உருவத் தொடங்கியதும் முதலில் விடுபடுவது அவைதான். பேச்சு அறுந்ததும் ரிலே திறந்துவிடும். பெரிய பின்கள் பிரியும்போது அவற்றில் மின்சாரம் இருக்காது, தீப்பொறி பறக்காது. எர்த் பின் எல்லாவற்றிலும் நீளம். முதலில் சேர்ந்து கடைசியில் பிரிவது அது. பெட்ரோல் பங்கில் கால் வைத்த நாளிலிருந்து நாம் பழகிய எச்சரிக்கையெல்லாம் இந்த ஏழு பின்களின் நீளத்திலேயே அடங்கியிருக்கிறது.

ஆனால் சுவருக்கும் காருக்கும் நடக்கும் இந்தப் பேச்சில் ஒரு இடம் விடுபட்டுப்போகிறது. சார்ஜர் பெட்டி தன் வரம்பைச் சொல்கிறதே தவிர, தனக்குப் பின்னால் சுவரில் இருக்கும் பழைய சாக்கெட்டின் நிலைமை அதற்குத் தெரியாது. அந்த ஓரிடத்துக்கு நாம்தான் பொறுப்பு.

பந்தியில் இடம் தேடும் அயனிகள்

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். விநாடிக்கு 50 சுழற்சி. பேட்டரி ஏற்பது நேர்திசை மின்சாரத்தை மட்டும். மாற்றித் தரும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. நாம் சுவரில் மாட்டும் பெட்டி பாதுகாப்பான ஒரு சுவிட்ச்தான். உண்மையான சார்ஜர் காரோடு ஊர் சுற்றுகிறது. நெடுஞ்சாலையில் இருக்கும் அதிவேக நிலையங்களில் இந்த மாற்றத்தை வெளியில் உள்ள பெரிய எந்திரம் செய்து நேராக பேட்டரிக்குள் அனுப்புகிறது. வேகத்தின் ரகசியம் அதுதான்.

பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்து வீட்டிலிருந்து மறுபக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்கின்றன. சார்ஜ் ஏறும்போது அவை கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே போய் அமர்கின்றன. கார் ஓடும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தைக் கண்டு வடிவமைத்ததற்காக ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் பெற்றவர்களில் அவரே மிக மூத்தவர். இன்று பல மின்சாரக் கார்களில் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் அவர் ஆய்வகத்தில் பிறந்ததுதான். 1997இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயருக்கு முன்னால் பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கூடம் காலியாக இருக்கும்போது எல்லோரும் விறுவிறுவென்று போய் உட்கார்ந்துவிடலாம். முக்கால்வாசி நிறைந்தபின் வருபவர்கள் எங்கே இலை காலி என்று பார்த்துப் பார்த்துத்தான் நகர வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் நெருக்கித் தள்ளினால் என்ன ஆகும்? உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வாசலிலேயே தேங்குவார்கள். லித்தியமும் அப்படித்தான். மிகை வேகத்தில் தள்ளினால் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி மறுபடி வேலைக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைந்துபோகும். அதிவேக நிலையங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் வேகம் தானாகவே குறைவது இந்த நெரிசலைத் தவிர்க்கத்தான்.

வீட்டில் இந்தக் கவலையே இல்லை. 30 யூனிட் பேட்டரிக்குள் மூன்று கிலோவாட் என்பது பத்து மணி நேரத்தில் கூடத்தை நிரப்பும் வேகம். ஒவ்வொருவரும் நிதானமாக வந்து தன் இலையில் உட்காரலாம். இரவின் குளிர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊரில் பேட்டரியை முதுமையாக்கும் பெரிய எதிரி வெப்பம். நண்பகல் வெயிலில் ஓடி வந்த காரை உடனே செருகாமல், நிழலில் ஆறவிட்டு ஏற்றுவது அதற்கு நல்லது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை பேட்டரியாக இருந்தால் அன்றாடத்துக்கு 80 விழுக்காடு போதும். இரும்பு பாஸ்பேட் வகையாக இருந்தால் அவ்வப்போது 100 விழுக்காடுவரை ஏற்றுவது அவசியம். அந்த வகையில் பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் வோல்ட் அதிகம் மாறாது. முழுதாக நிறைந்தால்தான் கார் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ள முடியும்.

ஆடிக் காற்றும் மின்கட்டணமும்

கடைசியாக, பணம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஏற ஏற யூனிட் விலை கூடும். 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பின்னர் விலைகள் உயர்ந்திருந்தாலும் படிக்கட்டின் வடிவம் அதுவே. இரண்டு மாதத்தில் 380 யூனிட் செலவிடும் வீட்டுக்குக் கட்டணம் 1,035 ரூபாய். கார் வந்து 300 யூனிட் சேர்ந்து 680 ஆனால் கட்டணம் 3,470 ரூபாய். காருக்கான கூடுதல் 2,435 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்குச் சற்று மேல். பில்லில் இருக்கும் சராசரியைப் பார்த்தால் ஐந்து ரூபாய் என்றுதான் தெரியும். காரின் யூனிட்கள் மேல்படிகளில் விழுவதாலும், 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதி போய்விடுவதாலும் வரும் வித்தியாசம் இது. அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைத் தொடாது. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் பெட்ரோலில், 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு அது ஆறேமுக்கால் ரூபாய் அளவு.

நம் பில்லில் தெரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. மாநிலத்தில் பத்து லட்சம் மின்சாரக் கார்கள் வந்து, எல்லோரும் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் சுவிட்சைப் போட்டால், 3,300 மெகாவாட் ஒரே நேரத்தில் கூடும். சூரியன் அடங்கி, விளக்கும் விசிறியும் ஏசியும் ஓடத் தொடங்கும் அதே நேரத்தில். அதே கார்கள் நள்ளிரவில் ஏற்றிக்கொண்டால் கட்டமைப்புக்கு அந்தப் பாரம் தெரியாது. இந்த உண்மையைக் கட்டணத்தில் கொண்டுவரத்தான் மத்திய அரசு 2023இல் விதிகளைத் திருத்தியது: வெயில் நேரத்தில் மின்சாரம் மலிவாக, மாலை உச்ச நேரத்தில் விலை கூடுதலாக. பெரும்பாலான கார்களில் நேரம் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. ஏழு மணிக்குச் செருகி, பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கும்படி வைப்பது நம்மால் முடிந்த எளிய உதவி. கூரையில் சூரியத் தகடு இருப்பவர் விடுமுறை நாளில் பகலிலேயே ஏற்றிக்கொள்ளலாம். 3 கிலோவாட் தகடு ஒரு நாளில் தரும் 12 யூனிட், 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போகவும் மிஞ்சும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவிய மாநிலம் இது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று இரவிலும் ஓய்வதில்லை. முப்பந்தல் காற்றாலைகளின் இறக்கைகள் ஊர் உறங்கும்போதும் சுற்றுகின்றன. அந்த இரவுகளில் காரைச் செருகினால், அந்தக் காற்றின் ஒரு பங்கும் நம் பேட்டரிக்குள் வந்து சேர்கிறது. பெட்ரோல் கார் ஓட்டிய காலத்தில் என் வண்டிக்கும் என் ஊர்க் காற்றுக்கும் இப்படி ஒரு உறவு இருந்ததில்லை.

புது லைன் போட்டு முடித்த இரவில், எலக்ட்ரீஷியன் சொன்னபடி ஒரு மணி நேரம் கழித்துப் போர்ட்டிகோவுக்குப் போனேன். நான்கு ஸ்கொயர் ஒயர், தனி ஆர்.சி.சி.பி., நீல நிற சாக்கெட். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிய ஈரம் இன்னும் காயவில்லை. பிளக்கின் மேல் கையை வைத்தேன். வெயிலில் நடந்து வந்த குழந்தையின் நெற்றி அளவுக்குத்தான் சூடு இருந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தேன். அதன்பின் இரவெல்லாம் வேலை நடந்தது. யாரும் விழித்திருக்கத் தேவைப்படவில்லை.